ஆற்றொழுக்கும் பருந்தின் வீழ்வும்: கட்டுரை கற்பித்தலில் மாற்று அமைப்புகள்

மும்பையின் நடுவண் இருப்புப்பாதையும் துறைமுக இருப்புப்பாதையும் குர்லாவில் கூடுகின்றன. தமிழ்நாட்டுக்குச் செல்லும் நெடுந்தொலைவு வண்டிகள் பல, அங்குள்ள இலோகமான்ய திலகர் முனையத்திலிருந்தே புறப்படுகின்றன. இவ்வூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் நெல்லைத் தமிழ் கேட்கிறது. தெருவில் மும்பை இந்தி பேசுகிறது. அரசு அறிவிப்புகளை மராத்தியில் படிக்கிறது. கடைப் பலகைகளை ஆங்கிலத்தில் பார்க்கிறது. ஆச்சி கதை சொல்லும்போது நடுவில் தொடங்கி முன்னும் பின்னும் போய்வருகிறார். தொடர்வண்டி அறிவிப்போ வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லி நிற்கிறது. ஒரே செய்தியைப் பல வடிவங்களில் சொல்லலாம் என்னும் அறிவு அப்பிள்ளைக்கு யாரும் கற்பிக்காமலே வாய்த்திருக்கிறது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆயினும் மும்பையானாலும் மதுரையானாலும், 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தவுடன் நம் வகுப்பறைகளில் மாணவர் கைக்கு வருவது ஒரே அச்சு. முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், இடையிடையே ஒரு பழமொழி, பிறகு முடிவுரை. மழையைப் பற்றி எழுதினாலும், நூலகத்தைப் பற்றி எழுதினாலும், காந்தியடிகளைப் பற்றி எழுதினாலும் அச்சு மாறுவதில்லை. இவ்வச்சு தீயதன்று, பயனுள்ளதே. அதனை ஒன்றே ஒன்றாகக் கற்பிப்பதுதான் பிள்ளையின் சிந்தனையைச் சுருக்குகிறது. எழுத்தைப் பற்றிய அறிவியலும் நம் இலக்கண மரபும் இவ்வொரு செய்தியில் கைகோத்து நிற்பதைக் காட்டவே இதனை எழுதுகிறேன்.

எழுதும்போது உள்ளத்தில் நிகழ்வது என்ன? இலிண்டா பிளவர், சான் எய்சு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், எழுதுவோரைத் தம் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் செய்து அப்பேச்சைப் பதிவு செய்தனர். அதன் வழியே 1981-இல் அவர்கள் வெளியிட்ட கோட்பாடு, எழுத்தை மூன்று வினைகளாகப் பிரித்தது. திட்டமிடல், எண்ணத்தைச் சொல்லாக்கல், திரும்பப் பார்த்தல். இம்மூன்றும் ஒன்று முடிந்தபின் ஒன்று என வரிசையில் வருவன அல்ல. ஒரு தொடரை எழுதும்போதே திட்டம் மாறுகிறது. மாறிய திட்டம் முன்பு எழுதிய தொடரை அடிக்கச் சொல்கிறது. வினைகள் ஒன்றனுள் ஒன்று புகுந்து சுழல்கின்றன.

கார்ல் பெரைட்டரும் மார்லின் சுகார்டமாலியாவும் 1987-இல் வெளியிட்ட நூல் இதனை மேலும் கூர்மையாக்கியது. எழுத்தில் இரு நிலைகள் உள்ளன என்றனர் அவர்கள். முதல் நிலையில் எழுதுபவன், தலைப்பு நினைவில் எதைக் கிளப்புகிறதோ அதை எழுதுகிறான். எழுதியது அடுத்ததைக் கிளப்ப அதையும் எழுதுகிறான். நினைவு வற்றியதும் நிறுத்துகிறான். இதனை அறிந்ததைக் கூறல் எனலாம். இரண்டாம் நிலையில், சொல்ல வேண்டிய பொருளுக்கும் சொல்லும் முறைக்கும் இடையே உள்ள சிக்கலை எழுதுபவன் எதிர்கொள்கிறான். அச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் அவன் அறிவே மாறுகிறது. இது அறிந்ததை மாற்றியமைத்தல். பவணந்தியார் தம் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்த 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது, முதல் நிலை எழுத்து முடியும் விதத்தை அப்படியே காட்டுகிறது. முதற்பத்தியில் விரைவு, மூன்றாம் பத்தியில் தளர்வு, கடைசியில் எல்லாரும் எங்கும் எழுதும் ஒரு வாழ்த்து. மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனை அறிவார்.

மாற்று அமைப்புகள் பயன்படத் தொடங்கும் இடமும் இதுவே என்பது என் கருத்து. தலைப்பு மட்டும் நினைவைக் கிளப்பும்போது, எளிதில் மேலே வருவனவே மேலே வரும். அமைப்பு மாறினால் நினைவை நோக்கி எழும் வினா மாறுகிறது. வினா மாறினால் கிடைக்கும் விடையும் மாறுகிறது. அமைப்பு என்பது, முன்பே தேடி முடித்த செய்திகளை அடுக்கும் இடம் மட்டுமன்று. தேடலை நடத்துவதும் அதுதான்.

ஒற்றை அச்சின் மேலைநாட்டு வேர்களுள் ஒன்று, அலெக்சாந்தர் பெயின் என்னும் சுகாத்துலாந்து அறிஞர் 1866-இல் வெளியிட்ட எழுத்துப்பயிற்சி நூல். பத்தியின் தொடக்கமே அதன் கருவை அறிவிக்க வேண்டும், பத்திக்கு ஒரே நோக்கம் இருக்க வேண்டும் என்பன போன்ற நெறிகளை அது வகுத்தது. பின்வந்த பாடநூல்கள் அந்நெறிகளைச் சட்டமாக்கின. நூறாண்டுக்குப் பின் இரிச்சர்டு பிராடக் என்பவர், தேர்ந்த எழுத்தாளர்கள் உண்மையில் அப்படித்தான் எழுதுகிறார்களா என்று எண்ணிப் பார்த்தார். பெயர்பெற்ற அமெரிக்க இதழ்களில் வந்த 25 கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாக ஆய்ந்தார். 1974-இல் வெளியான அவ்வாய்வின்படி, கருத்தொடரைக் கொண்டு தொடங்கிய பத்திகள் ஏறத்தாழ 13 விழுக்காடே. மாணவருக்கு நாம் கட்டாயமாக்கும் ஒன்றை, கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் கடைப்பிடிப்பதில்லை.

அவ்வாண்டுகளில்தான் துல்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சுடன் வெதர்சு, எழுத்துக்கு மாற்று இலக்கணம் ஒன்றை முன்வைத்தார். 1976-இல் கட்டுரையாகவும் 1980-இல் நூலாகவும் அது வெளிவந்தது. தொடர்ச்சி, ஒழுங்கு, தெளிவு ஆகியவற்றையே போற்றும் பள்ளி நடையை முதல் இலக்கணம் என்று அவர் குறித்தார். இணைப்புச் சொல் இன்றித் தனித்து நிற்கும் சிறு துண்டங்கள், வேண்டுமென்றே முடிக்காத தொடர்கள், மிக நீண்டு வளைந்து செல்லும் தொடர்கள், பட்டியல்கள், அருகருகே ஒலிக்கும் இரு குரல்கள் ஆகியன அடங்கியது இரண்டாம் இலக்கணம். பெரும் படைப்பாளிகள் காலங்காலமாகக் கையாளும் இவற்றை மாணவருக்கு மட்டும் மறைப்பதேன் என்பது அவர் வினா.

அவ்வினாவை நம் மொழியில் எழுப்பினால் விடைக்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. நூற்பாக்களை நிரல்படுத்தும் முறைகளை நன்னூல் நான்காகக் கூறுகிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஒன்றன்பின் ஒன்றாக இடையறாது செல்வது முதலாவது. நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னும் பார்த்து இரண்டையும் தழுவுவது இரண்டாவது. இடைப்பட்டதைத் தாண்டி அப்பாலுள்ளதோடு இயைவது மூன்றாவது. தொலைவிலிருந்து பாய்ந்து கருதியதை மட்டும் கவர்ந்து செல்வது நான்காவது. இவை இலக்கண நூலின் அடைவுக்குச் சொல்லப்பட்டவை. பள்ளிக் கட்டுரைக்கு விரிப்பது என் துணிபு. ஆனால் பொருள்களை எந்த உறவில் நிறுத்துவது என்னும் சிக்கல் இரண்டுக்கும் பொது. அவ்வுறவுகளுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாகவே நம்மிடம் பெயர்கள் உள்ளன என்பதும், அவற்றை நாம் வகுப்பறைக்குள் விடவில்லை என்பதும் எனக்கு வருத்தமளிப்பன.

குர்லாப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த பொருள் ஒன்றை எடுத்து இந்நான்கையும் செய்து பார்ப்போம். விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரால் பிறக்கும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவைக் கடந்து, தாராவியின் ஓரமாகச் சென்று, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. 2005 சூலை 26-இல் சாந்தாகுருசு வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிந்தது. அதே நாளில் நகரின் தென்முனையிலுள்ள கொலாபாவில் பெய்தது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். அந்நேரம் கடலில் ஓதம் உயர்ந்திருந்ததால் நீர் வடிய வழியின்றி ஊருக்குள் ஏறியது. குர்லாவின் ஆற்றங்கரைக் குடியிருப்பான கிராந்தி நகரில், இன்றும் மித்தியின் மட்டம் ஏறும்போதெல்லாம் மக்களை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இவ்வளவே நம் மூலப்பொருள்.

ஆற்றொழுக்கில் எழுதும் மாணவி நீரோடு நடக்கிறாள். மலையில் மழை, ஏரி நிரம்பல், கால்வாய் குறுகல், ஓதம் தடுத்தல், வீட்டுக்குள் நீர். ஒவ்வொரு பத்தியும் முந்தியதன் வாலைப் பற்றிக்கொண்டு தொடங்குகிறது. ஒரு நிகழ்வு எவ்வாறு நடந்தது என்பதை விளக்க இதற்கு நிகரான அமைப்பு இல்லை. ஆயினும் இதில் ஒன்று மறைகிறது. ஆற்றைக் குறுக்கியவர்கள் மனிதர்கள். அவர்கள் செய்த முடிவுகளும் மழையோடு மழையாக, இயற்கையின் வேலை போலவே ஓட்டத்தில் கரைந்துபோகின்றன.

அரிமா நோக்கில் அவள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். 2005 சூலை 26 பிற்பகல், குர்லாக் கரை. அங்கிருந்து பின்னே பார்த்தால், வானூர்தித் தளத்துக்காக வளைக்கப்பட்ட ஆறு, பாந்திரா-குர்லா வணிக வளாகத்துக்காக மண் நிரப்பப்பட்ட சதுப்பு, அழிந்த அலையாத்திக் காடு ஆகியவை தெரியும். முன்னே பார்த்தால், பின்னர் நடந்த அகலப்படுத்தும் பணிகள், ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெளியேற்றப்படும் குடும்பங்கள். நின்ற நொடி ஒன்று. அதன் காரணமும் விளைவும் இருபுறமும். மறைந்திருந்த மனித முடிவுகள் இப்போது வெளிப்படுகின்றன. 'இதற்குமுன் இங்கே என்ன இருந்தது?' என்று அவள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டே ஆக வேண்டும். கேட்கச் செய்தது அமைப்பு.

தவளைப் பாய்த்தே நான்கனுள் கடினமானது; மாணவர் மிக விரும்புவதும் அதுவே. 944 என்னும் எண்ணோடு ஒரு துண்டம். அண்டை வீட்டு அம்மா நீருக்குமேல் தூக்கிப் பிடித்த குடும்ப அட்டை ஒரு துண்டம். அலையாத்தி வேர் சேற்றைப் பிடித்துவைக்கும் விதம் ஒரு துண்டம். 74 என்னும் எண்ணோடு இன்னொன்று. இடையே 'ஆகவே', 'மேலும்', 'எனவே' எதுவுமில்லை. வெதர்சு கூறிய துண்ட நடையும் இதுவும் அண்டை அயலார். எப்படியும் எழுதலாம் என்னும் உரிமையாக இதனை மாணவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாய்ந்த தவளை முன்பு விட்ட ஒன்றோடு இயையும் இடத்தில்தான் இறங்க வேண்டும். 944-க்கும் 74-க்கும் இடையே அக்குடும்ப அட்டையை வைத்தால், ஒரே நகரின் இரு முனைகளில் ஒரே நாள் எவ்வளவு வேறாக இருந்தது என்பது படிப்பவர் உள்ளத்தில் தானே எழும். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. துண்டங்களைத் தனித்தனித் தாளில் எழுதி, கலைத்து, பக்கத்து மாணவனிடம் அடுக்கக் கொடுக்கலாம். எந்த வரிசையில் அடுக்கினாலும் வேறுபாடு இல்லையென்றால் அது கட்டுரை ஆகவில்லை.

பருந்தின் வீழ்வுக்கு ஒரே பத்தி போதும். ஓதம் உயர்ந்த நேரமும் பெருமழையும் ஒன்றாக நேர்ந்ததை மட்டும் கவர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது. பத்துச் செய்தி தெரிந்தவள் ஒன்பதை விடப் பழகுகிறாள். தாளை நிரப்பினால் மதிப்பெண் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது பெரும் விடுதலை, பெரும் கடுமையும்கூட.

முறைகளின் இச்செல்வம் நிரலோடு முடிவதில்லை. பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வகைகளை எழுவகை மதம் என்று நன்னூல் தருகிறது. உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், மாறுபடும் இருவருள் ஒருவர் பக்கம் துணிதல் முதலியன அவை. நம் தேர்வுக் கட்டுரைகளில் உடன்படுதல் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. 'நெகிழி ஒழிப்பு' என்று தலைப்பிட்டால் ஐம்பது பிள்ளைகளும் உடன்படுவர். நெகிழி பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்பியே பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த தாராவியின் பிள்ளை, பிறர் கருத்தை ஏற்றுப் பின் களையும் முறையில் எழுதினால் எத்தகைய கட்டுரை கிடைக்கும்! நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'உய்த்துணர வைப்பு' என்று ஒன்றுண்டு. கட்டாய முடிவுரை, அவ்வுத்தியை நம் மாணவரிடமிருந்து பறித்துவிட்டது.

உரையும் பாட்டும் கலந்த வடிவத்துக்குச் சிலப்பதிகாரமே சான்று. உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள் என்றே அது பெயர்பெற்றது. இதே வழியில், தாம் உரோமானோ என்னும் அமெரிக்க ஆசிரியர், கடிதம், பாட்டு, செய்தி, உரையாடல் ஆகியவற்றைக் கலந்து மாணவர் எழுதும் பல்வகைக் கட்டுரையைப் பரப்பினார். அவருக்குத் தூண்டுகோலானது, கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி, பில்லி என்னும் கொள்ளையனைப் பற்றி 1970-இல் பாட்டும் உரையும் கலந்து எழுதிய நூல்.

இனி, பன்மொழிப் பிள்ளையின் சிக்கலுக்கு வருவோம். 1966-இல் இராபர்ட்டு காப்லன் என்னும் மொழியறிஞர், ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு சிந்தனை வடிவம் உண்டு என்று கூறிப் படம் வரைந்து காட்டினார். ஆங்கிலத்துக்கு நேர்கோடு, கீழை நாடுகளுக்கு உள்நோக்கிச் சுருளும் வளையம். படம் எளிதாக மனத்தில் பதிந்தது, உலகெங்கும் பரவியது. நம்மவர் பலரும் 'நமக்குச் சுற்றி வளைத்துத்தான் எழுத வரும்' என்று நம்பத் தொடங்கினர். இந்நம்பிக்கையை உடைத்தவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துப் பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான தமிழர் சுரேசு கனகராசா. 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் மூன்று கட்டுரைகளை ஒப்பிட்டார். ஒன்று உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது. ஒன்று உள்ளூர் வாசகருக்கே ஆங்கிலத்தில் எழுதியது. மற்றொன்று வெளிநாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. எழுதியவர் ஒருவரே, தமிழரே. ஆயினும் தொடங்கும் விதமும் தம்மை நிறுத்திக்கொள்ளும் விதமும் மூன்றிலும் வேறு. தாய்மொழி அவர் கையைப் பிடித்து ஒரே கோட்டில் இழுக்கவில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பதை எண்ணி அவர் வடிவத்தைத் தெரிந்தெடுத்தார்.

குர்லாப் பிள்ளைக்கு இதனைவிட உகந்த செய்தி இல்லை. நான்கு மொழிகள் அதன் கட்டுரையைக் கெடுக்கும் சுமைகள் என்றே அதற்குச் சொல்லப்பட்டு வந்துள்ளது. கனகராசாவின் நோக்கில், வாசகரைப் பார்த்து வடிவத்தை மாற்றும் பயிற்சியை அப்பிள்ளை நாள்தோறும் தெருவில் செய்துகொண்டிருக்கிறது. எழுத்து வகுப்பு அதனை அறிந்து வளர்த்தால் போதும்.

இவ்விடத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். 'ஒரு பத்தி பிழையின்றி எழுத வராத பிள்ளைக்கு நான்கு அமைப்பா? முதலில் இலக்கணமும் ஒரே அமைப்பும் உறுதிப்படட்டும்.' மதிக்கத்தக்க தடை இது. எழுத்துருவமும் சந்தியும் பழகாத சிறுவன், செயல்நினைவின் பெரும்பகுதியை அவற்றிலேயே செலவிடுவான். அமைப்பை எண்ண அவனிடம் எஞ்சுவது சிறிதே. ஆகவே தொடக்க வகுப்புகளுக்கு ஓர் அமைப்பு போதும் என்று நானும் உடன்படுகிறேன். ஆனால் நடுநிலை வகுப்புகளிலிருந்து இத்தடை நிற்காது. சுடீவு கிரகாமும் தொலோரசு பெரினும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை இதற்குச் சான்று. ஒரு முறையால் விளையும் முன்னேற்றத்தைத் திட்ட விலக்க அலகில் அவர்கள் அளந்தனர். திட்டமிடவும் திருத்தவும் வேண்டிய உத்திகளை வெளிப்படையாகக் கற்பித்தல் 0.82 பெற்றது, அதாவது அவ்வாறு கற்ற நடுத்தர மாணவர், கல்லாதாருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினரை விஞ்சுவார். சேர்ந்து எழுதுதல் 0.75. எழுத்துக்குத் தெளிவான இலக்கு வைத்தல் 0.70. தொடர்களை இணைத்துப் பழகுதல் 0.50. நல்ல கட்டுரைகளை முன்மாதிரியாகக் காட்டல் 0.25. இலக்கணத்தைத் தனியே கற்பித்தலோ எதிர்மறையாக, -0.32. இவை பெரும்பாலும் ஆங்கில வகுப்பறைகளின் கணக்குகள். தமிழுக்கு எண்ணுக்கு எண் பொருத்த முடியாது. எனினும் அவை காட்டும் திசை தெளிவானது.

அத்திசை, மாற்று அமைப்புகளை விரும்பும் என் போன்றோருக்கும் எச்சரிக்கை விடுக்கிறது. அழகிய துண்டக் கட்டுரை ஒன்றைப் படித்துக் காட்டி 'இதுபோல் எழுதுங்கள்' என்பது முன்மாதிரி காட்டல் மட்டுமே. அதன் பயன் சிறிது. எந்நேரத்தில் எவ்வமைப்பு, எப்படித் தொடங்குவது, எதைக் கொண்டு சோதிப்பது என்பவற்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டி, தாமும் மாணவர் முன் எழுதி, அடித்து, திருத்த வேண்டும். சேர்ந்து எழுதுதலின் உயர்ந்த அளவு நன்னூலைப் படித்தோருக்கு வியப்பளிக்காது. ஆசான் உரைத்ததைக் கேட்டுப் பெறுவது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது கால் பங்கு, பிறர்க்கு உரைத்துப் பெறுவது எஞ்சிய பாதி என்று கல்வியைப் பங்கிட்டது அந்நூல். துண்டங்களைப் பக்கத்து மாணவன் அடுக்கிப் பார்க்கும் பயிற்சி, இப்பங்கீட்டின்படியே நடப்பது.

மதிப்பிடும் முறை மாறாமல் இவற்றுள் எதுவும் வகுப்பில் நிலைக்காது. முன்னுரைக்கு இத்தனை, முடிவுரைக்கு இத்தனை என்று மதிப்பெண்ணைப் பகுத்து வைத்துவிட்டு மாணவியைத் தவளைப் பாய்த்தில் எழுதச் சொல்வது அவளுக்குச் செய்யும் கொடுமை. நன்னூலின் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் மதிப்பீட்டுக்கு ஆயத்தமாக இருக்கின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் ஆகியவற்றை எவ்வமைப்பில் எழுதிய கட்டுரையிலும் தேடலாம். சுருங்கச் சொல்லலையும், ஆழமுடைமையையும், விளங்கும் எடுத்துக்காட்டையும் எவ்வமைப்பிலும் பாராட்டலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு தலைப்புகளை ஒரு முறை வீதம் எழுதுவதை விட்டு, மூன்று தலைப்புகளை நான்கு முறை எழுதினால் நேரமும் கூடுதலாக வேண்டியதில்லை.

அம்மூன்றில் ஒன்று மித்தியாக இருக்கட்டும். தமிழ் வகுப்புக்கு அரிமா நோக்கில் ஒரு கட்டுரை. மழைநீரின் வழியை விளக்கி, அறிவியல் ஆசிரியருக்கு ஆற்றொழுக்கில் ஒன்று. ஊரிலுள்ள தாத்தாவுக்குக் கடிதமாக, துண்டம் துண்டமாக ஒன்று. நான்காவது, குர்லாவை ஆளும் மாநகராட்சியின் எல் வட்ட அலுவலகத்துக்கு மராத்தியில் ஒரு விண்ணப்பம்: முதற்றொடரிலேயே கோரிக்கை, இரண்டாம் தொடரில் தெருவின் பெயர், மூன்றாம் தொடரில் மழைக்காலம் தொடங்குமுன் வடிகால் தூர்வார வேண்டிய நாள்.